நாற்பத்தேழு வினாடி

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு, திருவனந்தபுரம் பழவங்காடியில் ஓர் இசைக்கருவிக் கடையின் மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து, கிசாரா 900 என்னும் புதிய சிந்தசைசர் கீபோர்டின் அறிமுகக் காணொளியைப் பார்த்தார்கள். காணொளி பதினான்கு நிமிடம் ஓடியது.

பதினோரு பேரும் கீபோர்டு வாசிப்பவர்கள். கோயில் உற்சவங்களில் நடக்கும் கானமேளா என்ற மெல்லிசைக் கச்சேரி, சர்ச் கொயர், கல்யாண வரவேற்பு என்று நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வாசிக்கிறவர்கள். வர முடியாதவர்கள் ‘டிவிஎம் கீஸ்’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தார்கள். குரூப்பில் மொத்தம் 143 பேர். காணொளி முடிவதற்குள் அறுபது செய்திகளுக்கு மேல் வந்து விழுந்தன.

“சுருதிய வளைக்கிற பிட்ச் வீலை எடுத்துட்டு ஒரு குச்சி வச்சிருக்கான். பல்லு குத்தறதுக்கா?”

“வெள்ளைக் கலராம். முதல் உற்சவத்துலயே குங்குமம் அப்பிக்கும். எந்த மண்டன்டே இத டிசைன் பண்ணினது?”

“எடை ரெண்டு கிலோ கம்மி. எனக்கு வேற ஒண்ணும் கேக்காண்டாம். என் முதுகு வாங்குன்னு சொல்லுது.”

“விலையைக் கேட்டு என் வீட்டுக்காரி இப்பவே வாசக்கதவப் பூட்டிட்டா.”

மாடியில் கடைசி நாற்காலியில் இருந்த செல்வமணி எதுவும் எழுதவில்லை. அவனுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விளக்கைப் போட்டதும் கேட்டான்.

“பழைய டோன் இதுல ஏறுமா?”

கடையில் கருவிகளை வாசித்துக் காட்டும் வேலையில் இருந்த வினய் கையை விரித்தான். “சாதனம் கையில வரட்டும் அண்ணா. மேனுவலே இன்னும் வரல. இப்போ எப்படி உறப்பா சொல்றது?”

செல்வமணி அதே கேள்வியைக் குரூப்பிலும் எழுதினான்.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகன். பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில். பகலில் சாலைச் சந்தையில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ராஜபாய் அக்கா நடத்தும் கானமேளா ட்ரூப்பில் கீபோர்டு. வருடத்தின் மற்ற மாதங்களை அவன் தாண்டுவது அந்த ஆறு மாதத்தை வைத்துத்தான்.

ராஜபாயின் ட்ரூப்பில் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே. ஒரு பாட்டுக்கு வேண்டிய ஒலிகளை, நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வயலின் கூட்டமோ, ஒன்றாகக் கோத்துக் கீபோர்டில் ஓர் எண்ணில் சேமித்து வைப்பதைத்தான் அவர்கள் டோன் என்கிறார்கள். செல்வமணி ஒன்பது வருடங்களில் 412 பாட்டுகளுக்கு டோன் செய்திருந்தான். மேடையில் கோயில் கமிட்டிக்காரர்கள் துண்டுச் சீட்டில் ஒரு பாட்டை எழுதிக் கொடுப்பார்கள். ராஜபாய் தன் நோட்டைப் பார்த்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “எரநூத்திப் பன்னெண்டு” என்பார். பாடகி உள்ளங்கையில் 212 என்று எழுதிக்கொள்வாள். தாளம் வாசிக்கும் தங்கபாண்டி தன் ரிதம் பேடில் 212 அழுத்துவான். செல்வமணி தன் கிசாரா 700இல் 212 அழுத்துவான். எண்ணைச் சொன்னதற்கும் முதல் சுரத்துக்கும் நடுவில் நான்கு வினாடி. அதற்கு மேல் போனால் கூட்டம் கடலை வாங்க எழுந்துவிடும் என்பார் ராஜபாய்.

பழைய டோன் ஏறாவிட்டால் புதிய கருவி அவனுக்கு உதவாது. ஆனால் பழைய 700இன் விசைகளில் நான்கு தளர்ந்துவிட்டன. போன சீசனில் இரண்டு முறை நடுவில் நின்றும் போயிருந்தது.

குரூப்பில் அவன் கேள்விக்கு ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது. அனுப்பியவள் சுப்ரியா.

சுப்ரியாவின் வீடு வலியசாலையில். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுப்பாள். மேடையில் அவள் வாசித்ததில்லை. ஆனாலும் குரூப்பில் எல்லோரும் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள். சந்தேகம் என்றால் அவளிடம்தான் கேட்டார்கள். அவள் சொல்லித் தவறியதில்லை. காரணம் எளிது: ஒரு கருவியின் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரே ஆள் அந்தக் குரூப்பில் அவள்தான். இந்த முறை படிக்க மேனுவல் இல்லை.

வாய்ஸ் நோட் நாற்பத்தேழு வினாடி.

“யாரும் பயப்படாதேங்கோ. ஆறு நிமிஷம் பன்னெண்டாவது செகண்ட்ல வீடியோவ நிறுத்திப் பாருங்கோ. ஸ்கிரீன்ல ஃபைல் லிஸ்ட் ஒண்ணு வந்துட்டுப் போறது. நம்ம 700ல சேவ் பண்ற ஃபைலோட பேருக்குக் கடைசில இருக்கற அதே வால்தான் அங்கேயும் இருக்கு. அது இருந்தா ஏறும். கண்ண மூடிண்டு ஏறும். வினய் கடைக்காரன், பயந்துண்டு சொல்றான். பழச விக்கறதா இருந்தா இப்பவே வித்துடுங்கோ. புதுசு வந்தப்பறம் அத யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, கேட்டேளா. நானாக்கும் சொல்றேன்.”

மறுநாள் மதியத்துக்குள் அதை 139 பேர் கேட்டிருந்தார்கள். பலர் வேறு குரூப்புகளுக்கும் அனுப்பினார்கள்.

அந்த வாரத்தில் நான்கு பேர் தங்கள் 700ஐ விற்றார்கள். அவர்களில் ஒருவன் செல்வமணி. அக்டோபர் 10ஆம் தேதி மார்த்தாண்டத்திலிருந்து ஜெபசிங் என்பவர் வேனோடு வந்து, தன் சர்ச் கொயருக்காக அதை ஏற்றிக்கொண்டு போனார். கொடுப்பதற்கு முன் செல்வமணி 412 டோன்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டான். சந்தேகத்துக்கு இன்னொரு பென் டிரைவிலும் எடுத்தான். பிறகு புதியதற்கு முன்பதிவு செய்தான்.

நவம்பர் 6ஆம் தேதி, முதல் வரவாக இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று கடையில் வாசித்துக் காட்டுவதற்கு. சுப்ரியா மதிய இடைவேளையில், கழுத்தில் அலுவலக அட்டையோடு, தன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் 96 டோன்கள் இருந்தன. ஒன்றுகூடக் குறையாமல் ஏறின. பட்டியலில் ஒவ்வொன்றும் அவள் வைத்த பெயரோடு வரிசையாக நின்றது.

“டீச்சர் ஜெயிச்சு,” என்றான் வினய்.

“இதுல ஜெயிக்கறதுக்கு என்ன இருக்கு? வால் இருந்தா ஏறும்னு அன்னிக்கே சொன்னேனே.”

திரையைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். கைதட்டும் படங்கள் நிறைய வந்தன. செல்வமணி இரண்டு போட்டான். அவள் தன் 700ஐ விற்றுவிட்டுப் புதியதை வாங்கிவிட்டாள் என்றே அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும் நினைத்தார்கள். அவளும் மறுத்து ஒன்றும் எழுதவில்லை.

செல்வமணியின் கருவி இரண்டாவது வரவில், நவம்பர் 12 செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பாத்திரக் கடையில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனான். ஐயப்ப விரதக் காலமான மண்டல காலம், மலையாள மாதம் விருச்சிகம் ஒன்றாம் தேதி, அதாவது நவம்பர் 16 சனிக்கிழமை தொடங்குகிறது. நாற்பத்தொரு நாளில் ராஜபாய்க்குப் பத்தொன்பது நிகழ்ச்சிகள். புதன்கிழமை மூன்று மணிக்கு ரிகர்சல்.

பென் டிரைவைச் செருகினான். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து மறுமுனை வரை போனது. 412/412 என்று காட்டியது. சமையல்கட்டிலிருந்து அவன் மனைவி செண்பகவல்லி எட்டிப் பார்த்து, “ஏறிடுச்சா?” என்றாள்.

“ஏறிடுச்சு.”

பட்டியலைத் திறந்தான். ஒரே ஒரு வரி இருந்தது. நியூ டோன். தொட்டுப் பார்த்தான். 412ஆவது பாட்டின் புல்லாங்குழல் கேட்டது. மேலே தள்ளினான், கீழே தள்ளினான். வேறு எதுவும் இல்லை. இன்னொரு பென் டிரைவைப் போட்டான். மறுபடி பச்சைக் கோடு போனது. மறுபடி 412/412. மறுபடி ஒரே வரி.

பதினொன்று இருபதுக்குச் சுப்ரியாவை அழைத்தான். அவள் அலுவலகத்தில் இருந்தாள்.

“டீச்சர், எல்லாம் ஏறுச்சுன்னு காட்டுது. ஆனா ஒண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணா? என்ன பேர்ல இருக்கு?”

“நியூ டோன்னு.”

“மத்ததுக்கெல்லாம் என்ன பேர் வச்சிருந்தேள்?”

“பேரா? பேரெல்லாம் வைக்கலியே டீச்சர். நமக்கு நம்பர்தானே. சேவ் பண்ணும்போது அதுவா நியூ டோன்னு கேக்கும். நான் ஓகே அழுத்திட்டுப் போயிருவேன்.”

 சுப்ரியாவின் பக்கம் யாரோ பாலிசி எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“நானூத்திப் பன்னெண்டுக்கும் ஒரே பேரா?”

“ஆமா.”

“அப்போ அது ஒண்ணு மேல ஒண்ணா எழுதிடுத்து. புதுசுல எண்ணே கிடையாது. பேர் மட்டும்தான். ஒரே பேர் வந்தா பழசை அழிச்சுட்டு அது மேல எழுதும். கடைசில வந்தது மட்டும் தங்கும்.” பிறகு சொன்னாள்: “ஒரு பேர்கூட வைக்காம யாராவது நானூறு டோன் பண்ணுவாளா, செல்வமணி?”

“எங்க ட்ரூப்புல எல்லாரும் அப்பிடித்தான்.”

“நான் சொன்னது தப்பில்லையே. ஏறித்தானே இருக்கு.”

“தப்புன்னு நான் சொல்லல டீச்சர். இப்ப என்ன செய்யறதுன்னு கேக்கேன்.”

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரிந்திருந்தது. பென் டிரைவில் இருப்பது ஒரே கட்டாக ஒரு ஃபைல். அதைக் கணினியில் பிரிக்க முடியாது. ஒரு பழைய 700 கிடைத்தால் அதில் ஏற்றலாம். எண்கள் அப்படியே வரும். அதை வைத்தே சீசன் முழுவதும் வாசிக்கலாம். அல்லது ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து மறுபடி எடுத்தால் புதியதிலும் ஏறும். எப்படியானாலும் ஒரு 700 வேண்டும். அவள் அதைச் சொன்னாள்.

“யார்கிட்ட டீச்சர் இருக்கு? நான் வித்துட்டேன். ஜெபசிங் அண்ணனுக்கு இப்பத்தான் போன் போட்டேன். அது களியக்காவிளையில கரோல் பிராக்டிஸுக்குப் போயிருக்காம், கிறிஸ்மஸ் வரைக்கும் தர ஒக்காதாம். குரூப்புல கேக்கலாம். கேட்டா அஞ்சு நிமிஷத்துல ராஜபாய் அக்கா காதுக்குப் போயிரும். என் பெட்டி காலின்னு தெரிஞ்சா அவங்க வேற ஆளப் பாத்திருவாங்க. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்களும் வித்திருப்பீங்க,” என்றான்.

அதை அவன் கேள்வியாகக் கேட்கவில்லை.

“பாக்கறேன்,” என்றாள் சுப்ரியா. “யார்கிட்டயாவது இருக்கான்னு விசாரிச்சுப் பாக்கறேன்.”

அவளுடைய 700 வலியசாலை வீட்டில், உள்ளறையில், ஒரு பழைய வேஷ்டி போர்த்தி இருந்தது. எல்லா விசைகளும் சரியாக இருந்தன.

அன்று மாலை காபி குடிக்கும்போது கணவன் சேஷனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கோட்டைப் பகுதியில் ஒரு தணிக்கையாளரிடம் வேலை பார்ப்பவன். இசையில் ஈடுபாடு இல்லை.

“அதான் உள்ள இருக்கே. தூக்கிக் குடுத்துடேன்.”

“குடுக்கலாம்.”

“பின்ன என்ன?”

“குடுத்தா நான் விக்கலைன்னு தெரியும்.”

“தெரிஞ்சா?”

“எல்லாரையும் விக்கச் சொன்னது நான். நாலு பேர் என் பேச்சைக் கேட்டு வித்திருக்கா.”

“நீ ஏன் விக்கலை?”

“எனக்குப் புதுசு வாங்கற அவசியமே இல்லை. நான் என்ன மேடையிலயா வாசிக்கறேன்?”

“அப்போ அதையும் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“யாரும் கேக்கலை.”

சேஷன் தம்ளரைக் கழுவி வைத்தான். “சரி, அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?”

“ரிகர்சல் நாளைக்குத்தானே. தொடங்கறது சனிக்கிழமை. அதுக்குள்ள ஏதாவது வழி வரும்,” என்றாள். வேறு யாரிடமாவது ஒரு 700 இருக்கிறதா என்று இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பினாள். இருவருக்கும் விருச்சிகம் ஒன்றிலிருந்து நிகழ்ச்சி இருந்தது. பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை.

செல்வமணி செவ்வாய் மதியத்திலிருந்து நினைவை வைத்துப் புதிய கருவியில் டோன் செய்தான். முதல் நிகழ்ச்சியில் எப்போதும் வருகிற பாட்டுகளை முதலில் எடுத்துக்கொண்டான். புதன் மதியம் புறப்படும்போது பத்தொன்பது முடிந்திருந்தன.

ரிகர்சல் கிள்ளிப்பாலத்தில் ஒரு நூலகத்தின் மேல் ஹாலில் நடந்தது. ராஜபாய்க்கு அறுபது வயதிருக்கும். நெய்யூர்க்காரர். ஒரு காலத்தில் முன்வரிசைப் பாடகி. இப்போது பாடுவதில்லை, ட்ரூப்பை நடத்துகிறார். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வெள்ளைக் கருவியைப் பார்த்ததும் எழுந்து வந்து தடவினார்.

“கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கு. பேசுமா, இல்ல சும்மா நிக்குமா?”

“பேசும் அக்கா.”

“எரநூத்திப் பன்னெண்டு.”

அது அவன் செய்துவைத்த பத்தொன்பதில் ஒன்று. ஆனால் எண் அழுத்த வழியில்லை. பட்டியலில் தேட வேண்டும். தேடி எடுத்தான். தங்கபாண்டியின் தாளம் தொடங்கி இரண்டு சுற்றுப் போன பிறகு நாதஸ்வரம் வந்தது. பாடகி உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“புதுசு, கை பழகல அக்கா.”

“செரி. முப்பத்தேழு.”

முப்பத்தேழு இல்லை. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். தங்கபாண்டி தாளத்தை நிறுத்தினான்.

“முன்னூத்தி அஞ்சு,” என்றார் ராஜபாய். பிறகு, “எம்பத்தி ரெண்டு.” பிறகு நோட்டை மூடினார்.

“எத்தன இருக்குலே உள்ள?”

“பத்தொம்பது.”

ஹாலில் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

“சனிக்கெழமை மேடை ஏறணும் மக்கா. இன்னைக்கு என்ன கெழமைன்னு தெரியுமா ஒனக்கு?”

“ஒரு 700 கேட்டிருக்கேன் அக்கா. டீச்சர் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குள்ள...”

“எந்த டீச்சரு? கெடைச்சாச்சா, கெடைக்குமா?”

 ராஜபாய் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, கீபோர்டு வாசிக்கும் வினீத்திடம் பேசியாகிவிட்டது என்றார். வினீத் கொல்லத்தில் ஒரு ட்ரூப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தவன். ராஜபாய்க்காக அதை விட்டுவிட்டு வருகிறான். அவனிடம் 700 இருந்தது.

“ஒம்பேர்ல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல,” என்றார். “பதினாலு குடும்பம் இருக்கு, பாத்துக்க.”

அன்று மாலையே குரூப்பில் ‘ஒத்த டோன் செல்வமணி’ என்று ஒருவன் எழுதினான். அதன் கீழே சிரிப்புப் படங்கள் நிறைந்தன. சுப்ரியா அதை அலுவலகத்திலிருந்து வரும் பஸ்ஸில் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு அவள் ஆட்டோவில் செல்வமணி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். ஆட்டோக்காரர் நீண்ட கறுப்புப் பையை இறக்கி வைத்தார். செல்வமணி பையைத் திறந்தான்.

“கிடைச்சிடுச்சா டீச்சர்? யாரோடது?”

“என்னோடதுதான்.”

அவன் கருவியைப் பார்த்தான். விசைகளின் மேல் தூசிகூட இல்லை.

“நீங்க விக்கலியா?”

“இல்லை.”

“செவ்வாக்கெழம நான் போன் பண்ணும்போது இது எங்க இருந்துச்சு?”

“ஆத்துலதான்.”

செண்பகவல்லி வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“நேத்து மூணு மணிக்கு இது என் கையில இருந்திருந்தா டீச்சர்...” என்று தொடங்கினான் செல்வமணி.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

 அவன் பையை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் பென் டிரைவைச் செருகினான். நான்கு நிமிடம் ஆயிற்று. 212 அழுத்தினான். நாதஸ்வரம் வந்தது. 37 அழுத்தினான். 305. 82. எல்லாம் இருந்தன.

“இப்பவே போலாம்,” என்றாள் சுப்ரியா. “நானும் வரேன். நானே சொல்றேன் அவாகிட்ட.”

பத்து மணிக்குக் கிள்ளிப்பாலம் போனார்கள். ஹாலில் ராஜபாயும் தங்கபாண்டியும் இருந்தார்கள். ஜன்னல் பக்கம் வினீத் தன் 700க்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்காரன். செல்வமணியைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“அக்கா, எல்லாம் இதுல இருக்கு. எந்த நம்பர் வேணும்னாலும் சொல்லுங்க,” என்றான் செல்வமணி.

ராஜபாய் மறுக்கவில்லை. நோட்டைத் திறந்து ஆறு எண்கள் சொன்னார். ஆறும் நான்கு வினாடிக்குள் வந்தன. கடைசி எண் முடியும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“குத்தம் ஒண்ணுமில்ல,” என்றார். “இது நேத்து இருந்துதுன்னா நான் எதுக்கு இந்தப் பயலக் கூப்பிடப் போறேன்?”

“தப்பு என்னோடதாக்கும்,” என்றாள் சுப்ரியா. “பழசை விக்கச் சொன்னது நான். ரெண்டு நாளா இதை ஆத்துல வச்சுண்டு சொல்லாம இருந்ததும் நான்தான். செல்வமணி பேர்ல ஒண்ணும் இல்லை.”

“நீ யாரு மக்கா?”

சொன்னாள்.

“ஓ, அந்த வாய்ஸ் நோட்டா? எனக்கும் யாரோ அனுப்புனாவ, நானும் கேட்டேன். நல்ல தெளிவா பேசியிருந்த.” ராஜபாயின் குரலில் கேலி இல்லை. “நீ சொல்லுதது நேருதான். ஆனா கொல்லத்துக்காரன்கிட்ட இருந்து இவனப் பிடுங்கிட்டு வந்தது நானாக்கும். இப்பப் போய், நீ திரும்பிப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. கமிட்டிக்குப் பேரும் குடுத்தாச்சு. இந்த சீசன் இவன்தான்.”

“சாரி சேட்டா,” என்றான் வினீத். “ஞான் ஒண்ணும் அறிஞ்ஞில்ல.”

செல்வமணி தலையசைத்தான். கருவியைப் பையில் வைக்கப் போனான்.

“நில்லு,” என்றார் ராஜபாய். “அந்தப் பென் டிரைவு.”

ராஜபாய் வினீத்தின் 700ஐக் கை காட்டினார்.

“பாட்டு ட்ரூப்போட பாட்டு. நம்பரு என் நோட்டு நம்பரு. இவன் பெட்டியும் அதே பெட்டிதான். போட்டா ஓடும்லா?”

ஓடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த 412 டோன்கள் நகரத்தில் எந்த 700இல் போட்டாலும் ஓடும். செல்வமணி வாங்கிய கருவியில் மட்டும்தான் ஓடாது.

“வேண்டாம் சேச்சி, நான் சொந்தமா உண்டாக்கிக்கறேன்,” என்றான் வினீத்.

“ரெண்டு நாள்ல நானூறா? பப்படமா பொரிக்கப் போற?”

தங்கபாண்டி ரிதம் பேடின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனும் செல்வமணியும் ஒரே வருடத்தில் ட்ரூப்பில் சேர்ந்தவர்கள். “ஏலே மணி,” என்றான் மெதுவாக.  அவன் மகளுக்கு ஜனவரியில் கல்யாணம்.

“செல்வமணி, யோசிச்சுக் குடுங்கோ,” என்றாள் சுப்ரியா.

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் டீச்சர்.”

ஒன்பது வருடத்தில் ஒவ்வொரு டோனையும் அவன் எந்த மாதத்தில் செய்தான் என்பதுகூட அவனுக்கு நினைவிருந்தது. 212க்கு மட்டும் பதினேழு நாள் ஆகியிருந்தது. கடை மூடும் நேரத்தில், பாத்திரங்களுக்கு நடுவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்தது. கொடுக்காமல் போனால் சனிக்கிழமை ட்ரூப்பிடம் முப்பது பாட்டுகூட இருக்காது. முதல் நாளே விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற பதினெட்டுக் கமிட்டிகளும் யோசிக்கும்.

“அடுத்த சீசன் அக்கா?”

“பாக்கலாம் மக்கா.”

“பாக்கலாம்னா?”

“பாக்கலாம்னாப் பாக்கலாம். வேற என்ன சொல்லச் சொல்லுத?”

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான். அதில் ஒரு மஞ்சள் நூல் கட்டியிருந்தது. நூலை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, பென் டிரைவை வினீத்திடம் கொடுத்தான்.

“நூத்தி நாப்பதுல சரணம் வரும்போது ரெண்டாவது பட்டன மறக்காம ஆஃப் பண்ணிரு. இல்லன்னா வயலின் மேல நிக்கும்,” என்றான்.

படி இறங்கும்போது சுப்ரியா, தன் 700ஐ அவனே வைத்துக்கொள்ளலாம் என்றாள். எத்தனை நாள் வேண்டுமானாலும். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை; நன்றியும் சொல்லவில்லை. ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனான்.

அன்று பகலில் அவள் குரூப்பில் இன்னொரு வாய்ஸ் நோட் போட்டாள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. பெயர் வைக்காத டோன்கள் 900இல் அழிந்துவிடும், ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னாள். மேனுவல் வராமலே தான் உறுதியாகச் சொன்னது தவறு என்றாள். மற்றவர்களை விற்கச் சொன்ன தான், தன்னுடையதை விற்கவில்லை என்பதையும் கடைசியில் சொன்னாள். கீழே ஒருவன் கட்டைவிரல் படம் போட்டான். அதற்கடுத்த செய்தி, இன்னொரு கம்பெனி ஜனவரியில் அறிவிக்கப்போகும் கீபோர்டின் கசிந்த புகைப்படம். அதில் விசைகள் 61ஆ 76ஆ என்று மாலை வரை வாதம் நடந்தது.

நவம்பர் 16, சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ராஜபாயின் ட்ரூப் மண்டல காலத்தின் முதல் நிகழ்ச்சியைத் தொடங்கியது. மொத்தம் இருபத்தேழு பாட்டுகள். நான்காவது பாட்டு 212. எண் சொல்லி மூன்றாவது வினாடியில் நாதஸ்வரம் வந்தது. வினீத் வாசித்தான். சுப்ரியாவின் இரண்டாவது வாய்ஸ் நோட்டை அதுவரை 31 பேர் கேட்டிருந்தார்கள். செல்வமணி அன்று எட்டு மணி வரை பாத்திரக் கடையில் இருந்தான்.